திங்கள்வரை கழற்றாத தகடு

என் கணவருக்குக் குடிப் பைத்தியம் இல்லை, சீட்டாட்டப் பைத்தியம் இல்லை. அவருக்கு இருப்பது இலக்கத்தகட்டுப் பைத்தியம். கேட்பவர்கள் சிரிப்பார்கள். நானும் பல வருடம் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

பெயர் மாமாங்கம். டென்மார்க்கின் விபோர்க் நகரத்தின் ஓரத்தில் பெயர்ப்பலகை செய்கிற பட்டறையொன்றில் இருபத்திரண்டு வருடமாக வேலை. கடைகளுக்கான பலகை, வீட்டு இலக்கம், பல்வைத்தியரின் வாசல் தகடு எல்லாம் அவர் கையால் போகும். ஆனால் மனம் முழுக்க இந்த நாட்டுக் கார்களில் ஒருகாலத்தில் இருந்த கறுப்புத் தகட்டில்தான். கறுப்பு நிலம், வெள்ளி எழுத்து. இப்போது அதை அரை நூற்றாண்டுப் பழைய கார்களுக்கு மட்டும்தான் பூட்டலாம். புதுக் கார் என்றால் வெள்ளைத் தகடு. இது பெரிய அநியாயம் என்று இவரும் முதலாளி ஹென்னிங்கும் முடிவுகட்டினார்கள். புதுக் கார்களுக்கும் பழைய மாதிரித் தகட்டைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்று பாராளுமன்றத்துக்கு அனுப்பக் கையெழுத்துச் சேர்த்தார்கள். சனிக்கிழமைகளில் கடைத்தெருவில் மேசை போட்டு நின்றார்கள். கோயில் திருவிழாவில் அன்னதான வரிசையில் நின்ற சனத்தையும் இவர் விட்டுவைக்கவில்லை.

"வெள்ளைத் தகடு ஆஸ்பத்திரிக் கட்டிலில தொங்கிற அட்டை மாதிரி. கறுப்பைப் பூட்டிப் பாருங்கோ, காருக்கே ஒரு மரியாதை வரும்" என்பார். சோற்றுக் கோப்பையோடு நிற்கிற மனிதர்கள் என்ன செய்வார்கள், கையெழுத்தைப் போட்டுவிட்டு நகர்ந்தார்கள்.

இந்த வசந்தத்தில் நாங்கள் புதுக் கார் வாங்கினோம். மின்சாரக் கார். பெயருக்கு ஒரு இயந்திரச் சத்தம்கூட இல்லாத கார். வாங்கிய பத்தாம் நாள், ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், வீட்டு முன்கொட்டகையில் வைத்துப் பூசை செய்தேன். நான்கு சக்கரத்துக்கும் தேசிக்காய் வைத்து, கற்பூரம் காட்டி, தேங்காய் உடைத்தேன். பூசைக்கு முன் இவர் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே இரண்டு கறுப்புத் தகடுகள். எங்கள் காரின் அதே இலக்கம், எழுத்துப் பிசகாமல், பட்டறையில் அவரே அழுத்தி எடுத்தது.

"பூசைக்கு மட்டுமப்பா. ஒரு படம் எடுத்துப்போட்டுக் கழற்றிவிடுறன். ரோட்டுக்குக் கொண்டுபோகமாட்டன்" என்றார்.

அறுபத்தொரு வயது மனிதன் குழந்தைபோலக் கெஞ்சுகிறான் என்று, ரோட்டுக்கு மட்டும் கொண்டுபோகக்கூடாது என்று சொல்லி நான் சம்மதித்தேன். வெள்ளைத் தகடுகளைக் கழற்றிக் கறுப்பைப் பூட்டினார். உண்மையைச் சொன்னால் அழகாகத்தான் இருந்தது. நான் முன் தகட்டிலும் பின் தகட்டிலும் சந்தனம் தடவிக் குங்குமப் பொட்டு வைத்தேன். படம் எடுத்து முடிந்ததும் அவர் ஸ்குரூ டிரைவரோடு குந்தினார்.

அப்போதுதான் என் வாய் சும்மா இருக்காமல் திறந்தது.

"என்ன செய்யிறியள்? வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரம், பொட்டு வைச்ச சாமானைக் கழற்றுறதோ? உங்களுக்கு விசரோ?"

"நீதானே சொன்னனி, ரோட்டுக்குக் கொண்டுபோகக்கூடாதெண்டு."

"கார் இஞ்சைதானே நிக்கப்போகுது. நான் சைக்கிளில வேலைக்குப் போறன், நீங்கள் ஹென்னிங்கோட போறியள். மூண்டு நாள் இருக்கட்டும். திங்கள் விடியக் கழற்றுங்கோ."

அவர் ஸ்குரூ டிரைவரைப் பொக்கெற்றுக்குள் வைத்தார். நான் சொன்னால் கேட்கிற மனிதர். அதுதான் வினையாயிற்று.

அந்தத் திங்கள் சாதாரணத் திங்கள் இல்லை. அன்று காலை பத்து மணிக்கு நகர மண்டபத்தில் நான் டேனிஷ் குடியுரிமை பெற வேண்டியிருந்தது.

நான் இந்த நாட்டுக்கு வந்து இருபத்தொன்பது வருடம். முதலில் பிள்ளை, பிறகு முதியோர் இல்லத்தில் வேலை, பிறகு மொழிப் பரீட்சை. பரீட்சைக்குத் தயாராகும்போது சட்டம் மாறிற்று. மாறிய சட்டத்துக்குத் தயாரானபோது அதுவும் மாறிற்று. டென்மார்க் அரசர்களையும் சண்டைகளையும் பாடமாக்கி மூன்றாந்தரம் எழுதிச் சித்தியடைந்தேன். இவர் ஐந்தாந்தரம், எனக்குப் பிறகு. ஆகவே பாராளுமன்றம் குடியுரிமை கொடுக்கிறவர்களைப் பட்டியலிடுகிற சட்டமூலத்தில் என் பெயர் வந்துவிட்டது, இவருடைய விண்ணப்பம் இன்னும் கோப்புக் கட்டுக்குள் கிடக்கிறது. எனக்கு மிஞ்சியிருந்தது ஒன்றே ஒன்று. நகர மண்டபத்துக்குப் போய்க் கையெழுத்திட்டு, கையுறை இல்லாமல் மேயருக்குக் கை கொடுக்க வேண்டும். கை கொடுத்த பிறகுதான் குடிமகள்.

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடமான இன்னொரு விதியும் இருந்தது. பொலிசிடம் பெரிய தண்டம் ஏதாவது வாங்கினால் குடியுரிமை வருடக்கணக்கில் தள்ளிப்போகும். அது கொலை கொள்ளையாக இருக்க வேண்டியதில்லை, வாகனத் தண்டமும் காணும். பிரெடெரிசியாவில் எங்களுக்குத் தெரிந்த றொபேட்டுக்கு, வேகமாக ஓடிய ஒரு பின்னேரத்தால் நாலரை வருடம் போயிற்று. அன்றிலிருந்து நாங்கள் இருவரும் ஆளில்லாத தெருவிலும் சிவப்பு விளக்குக்கு நின்றோம். சைக்கிளுக்கு விளக்கு எரியாவிட்டால் உருட்டிக்கொண்டு நடந்தோம். அப்படிப் பொத்திப் பொத்தி வைத்த வருடங்கள்.

திங்கள் காலை ஆறு மணிக்கே ஹென்னிங்கின் வான் வந்து கோர்ன் அடித்தது. அவசர வேலையாம். பத்து மணிக்கு மண்டபத்துக்கு வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு இவர் ஓடினார். நான் பட்டுச்சேலை உடுத்து, கடிதத்தையும் அடையாள அட்டையையும் மூன்று தரம் சரிபார்த்து, ஒன்பது பத்துக்குக் காரில் ஏறினேன். கார் மூக்கை உள்ளே விட்டுக் கொட்டகைக்குள் நின்றது. பின்பக்கத்தால்தான் நடந்து வந்தேன். பின் தகட்டில் என் கண் பட்டிருக்கத்தான் வேண்டும். மூன்று நாளாகச் சந்தனமும் பொட்டுமாகப் பார்த்துப் பழகிய தகடு, கண்ணுக்கு வித்தியாசமாகப் படவில்லை. மண்டைக்குள் மேயருக்குச் சொல்ல வேண்டிய இரண்டு வசனம்தான் ஓடிக்கொண்டிருந்தது.

வழியில் சனம் என்னைப் பார்த்துச் சிரித்தது. சிவப்பு விளக்கில் பக்கத்துக் காரிலிருந்த கிழவர் கண்ணாடியை இறக்கி, "நல்ல அழகு!" என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். சேலையைத்தான் சொல்கிறார் என்று நான் கூச்சத்தோடு நன்றி சொன்னேன். சுற்றுவட்டத்தில் ஒரு பொலிஸ் கார் எனக்கு வழிவிட்டு நின்றது. அதற்கும் கையசைத்துவிட்டுப் போனேன்.

நகர மண்டபத்தின் கார்த் தரிப்பிடத்தில் மகள் சாரங்கி காத்துக்கொண்டு நின்றாள். ஓல்போர்க்கில் தாதிப் படிப்புப் படிக்கிறவள். விடிய பஸ் ஏறி, பூங்கொத்தோடு வந்திருந்தாள். காரை நிறுத்திவிட்டு இறங்கினேன். அவள் என்னைக் கட்டிப்பிடிக்க வந்தவள் பாதியில் நின்றாள். கண் என் முகத்தில் இல்லை. காரின் முகத்தில் இருந்தது.

"அம்மா, இது என்ன?" என்று டேனிஷில் கேட்டாள்.

நான் திரும்பிப் பார்த்தேன். சந்தனம் காய்ந்து வெடித்த கறுப்புத் தகடு. நடுவில் நான் வைத்த பொட்டு.

காரில் சாய்ந்துகொண்டு போனை எடுத்தேன்.

"என்னப்பா, பிளேட்டை மாத்தினியளோ?"

மறுபக்கம் இயந்திரம் ஒன்று இரைந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சல் நின்றது.

"ஐயோ" என்றார்.

"ஐயோவோ? நான் கள்ளத் தகட்டோட நகர மண்டப வாசலில நிக்கிறன். பொலிசுக்குக் கையும் காட்டிப்போட்டு வந்து நிக்கிறன். நல்லா இருப்பியள் நீங்கள்!"

"கத்தாத, கத்தாத. காரைத் தொடாத. ஒரு அடியும் ஓடாத. உள்ளுக்குப் போ. நான் வீட்டை போய் வெள்ளைத் தகட்டை எடுத்துக்கொண்டு வாறன்."

"எவ்வளவு நேரம்?"

"அரை மணித்தியாலம். நீ போய்க் கையைக் குடு. மிச்சம் நான் பாக்கிறன்."

மணி ஒன்பது முப்பது. அவர் வந்துசேர்வதற்குள் ஒரு பொலிஸ்காரன் இந்தப் பக்கம் வந்தால், இருபத்தொன்பது வருடமும் தெருவோடு போயிற்று. நான் குந்தி இருந்து பொட்டை விரலால் அழித்தேன். அழியவில்லை, பூசுபட்டுத் தகடு முழுக்கச் சிவப்பாயிற்று. என் உள்ளங்கையும் சிவந்தது.

"அதைத் தொடாதே அம்மா, களவெடுத்தவள் மாதிரி இருக்கிறாய்" என்று சாரங்கி டேனிஷில் பல்லைக் கடித்தாள். பூங்கொத்தை முன் தகட்டுக்கு முன்னால் சாய்த்து வைத்தாள். தன் கழுத்துச் சால்வையைப் பின் கதவு இடுக்கில் செருகித் தொங்கவிட்டாள். அதைப் பார்த்தால் ஒன்றுமறியாதவனுக்கும் சந்தேகம் வரும். தூரத்தில், தரிப்பிடத்தின் மறுகோடியில், கையில் கருவியோடு தரிப்பிடக் காவலர் ஒருவர் கார் காராகக் குனிந்து பார்த்துக்கொண்டு வந்தார்.

"வாங்கோ அம்மா" என்றாள் சாரங்கி. அவசரத்தில்தான் அவளுக்குத் தமிழ் வரும். என் முழங்கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

மண்டபம் இரண்டாம் மாடியில். கோப்பியும், சின்னக் கொடி குத்திய கேக்கும் வைத்திருந்தார்கள். இருபத்தொரு பேர் புதிதாகக் குடிமக்களாகப் போகிறோம். நான் யன்னலோரக் கதிரையில் போய் இருந்தேன். கீழே தரிப்பிடம் முழுவதும் தெரிந்தது. எங்கள் கார், பூங்கொத்து, சால்வை, எல்லாம். மேயர் பேசத் தொடங்கினார். ஜனநாயகம், நம்பிக்கை, ஒருவரையொருவர் மதித்தல். நல்ல பேச்சாகத்தான் இருக்க வேண்டும், எல்லோரும் தலையாட்டினார்கள். நான் தரிப்பிடக் காவலரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் எங்கள் காருக்கு வந்துவிட்டார். கண்ணாடிக்குள் தரிப்பு நேரத்தைப் பார்த்தார். பூங்கொத்தைப் பார்த்தார். அதைத் தூக்கினார், தகட்டைப் பார்த்தார், பூவை இருந்த இடத்திலேயே பக்குவமாகத் திருப்பி வைத்தார். பிறகு பின்னால் போய்ச் சால்வையை விலக்கினார். கருவியில் என்னவோ தட்டினார். போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு நாலைந்து கார் தள்ளிப் போய் நின்றார்.

அந்த நேரம் பார்த்துத்தான் பட்டறை வான் வந்தது. இவர் நீல வேலையுடுப்போடு குதித்து இறங்கினார், கக்கத்தில் வெள்ளைத் தகடுகள். சுற்றுமுற்றும் பார்த்தார். பார்க்க வேண்டிய ஆளை மட்டும் பார்க்கவில்லை. முன் தகட்டைக் கழற்றி வெள்ளையைப் பூட்டினார். கை பழகிய கை, நிமிடம்கூட எடுக்கவில்லை. பின்னால் ஓடிக் குந்தினார்.

புதுக் காருக்குப் பின்னால் குந்தியிருந்து தகடு கழற்றுகிற கறுத்த மனிதன். இதைவிடத் தெளிவாகக் களவை யாராலும் படம் கீற முடியாது.

பொலிஸ் கார் சத்தமே இல்லாமல் வந்து நின்றது. இவர் எழுந்தார். ஒரு கையில் கறுப்புத் தகடு, மறு கையில் வெள்ளைத் தகடு. இறங்கியது ஒரு பெண் பொலிஸ், இளம்பிள்ளை. இவர் ஏதோ சொன்னார், கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். பிறகு தலையை நிமிர்த்தி எங்கள் யன்னலைப் பார்த்தார். என்னைக் கண்டாரோ தெரியாது. தலையை ஒருதரம் இடமும் வலமும் அசைத்தார். வராதே என்கிறார்.

முப்பது வருடமாக அவரோடு குடித்தனம் நடத்துகிறேன். அவர் என்ன சொல்லியிருப்பார் என்று நான் காதால் கேட்க வேண்டியதில்லை. காரைத் தானே ஓட்டி வந்ததாகச் சொல்லியிருப்பார். தண்டம் அவருடைய பெயரில் விழும். கோப்புக் கட்டுக்குள் கிடக்கிற அவருடைய விண்ணப்பம் அடியோடு போகும். ஐந்துதரம் எழுதிய பரீட்சை. நான்காவது தரம் இரண்டு புள்ளியால் தவறியபோது, குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதவர் அவர்.

"நான் கீழே போகிறேன். நீ அசையாதே" என்று சாரங்கி டேனிஷில் கிசுகிசுத்துவிட்டு எழுந்து போனாள்.

மேயர் பேச்சை முடித்தார். ஆறு ஆறு பேராக முன்னால் கூப்பிட்டார்கள். நான் மூன்றாவது வரிசையில்.

எழும்பிப் போகலாம். போனால் கை கொடுப்பது இன்றைக்கு இல்லை. அடுத்த வைபவம் கார்த்திகையில். அதற்குள் இந்தத் தண்டம் எழுத்தாகிக் காகிதமாகி எனக்கு முன்னால் வந்து நிற்கும். இருந்தால் அவருடைய விண்ணப்பம் போகும். இதெல்லாம் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. தெரிந்துகொண்டும் நான் எழும்பவில்லை. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு, என்ன வந்தாலும் இதை வாங்காமல் போவதில்லை என்று இருந்தேன். எனக்கு அது வேண்டும். அவ்வளவு ஆசையாக வேறொன்றும் என் வாழ்க்கையில் வேண்டியிருக்கவில்லை.

கீழே சாரங்கி ஓடிப்போய் அப்பாவின் பக்கத்தில் நின்றாள். பொலிஸ் பிள்ளை வானின் பின்கதவைக் காட்டினாள். இவர் திறந்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கையெழுத்து மேசையில் காட்டுவதற்குச் செய்த மாதிரிகள், எட்டுச் சோடி கறுப்புத் தகடுகள்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். கமலேஸ்வரி என்பதை நாலு துண்டாக முறித்துத்தான் சொன்னார்கள், நானென்று விளங்கிற்று. மேசையில் கையெழுத்திட்டேன். மேயர் கையை நீட்டினார். நான் பாடமாக்கிய இரண்டு வசனமும் போன இடம் தெரியவில்லை. "நன்றி" என்று மட்டும் சொன்னேன். அவர் கையை எடுத்தபோது அவருடைய உள்ளங்கையில் என் குங்குமம் ஒட்டியிருந்தது. ஒரு கணம் அதைப் பார்த்தார். அடுத்தவருக்கு அதே கையை நீட்டினார். சுவர் மணிக்கூட்டில் பத்து நாற்பது.

படம் எடுக்க நில்லுங்கள் என்று யாரோ சொன்னார்கள். நான் கடித உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, படியால் இறங்கி ஓடினேன்.

தரிப்பிடத்தில் பொலிஸ் பிள்ளை நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தாள். கத்தவில்லை. அந்த நிதானம்தான் எனக்குப் பயத்தைத் தந்தது.

"தகட்டைச் செய்தது குற்றமில்லை. சுவரில் மாட்டுங்கள், மேசையில் வையுங்கள். ரோட்டில் ஓட்டினால்தான் குற்றம். யார் ஓட்டியது என்பதுதான் என் கேள்வி" என்றாள்.

"நான்தான்" என்றார் இவர் டேனிஷில்.

"வானையும் நீங்கள்தானே ஓட்டி வந்தீர்கள்?"

"வானை... என் முதலாளி ஓட்டி வந்தார்."

"அவர் எங்கே?"

"நடந்து போய்விட்டார்."

"தரிப்பிடக் காவலர் வேறு மாதிரிச் சொல்கிறார். உங்கள் முதலாளிக்கு ஒரு போன் எடுப்போமா?"

இவருடைய நெற்றி வியர்த்துப் போயிருந்தது. பொய் சொல்லிப் பழகாத மனிதர். ஒன்றை மூட இன்னொன்று, அதை மூட ஹென்னிங். இன்னும் இரண்டு கேள்வி கேட்டால் தண்டத்தோடு நிற்காது, பொலிசுக்குப் பொய் சொன்னதும் சேரும். சாரங்கி என்னைக் கண்டதும் கண்ணால் கெஞ்சினாள். யாருக்காகக் கெஞ்சுகிறாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

இவர் என்னைக் கண்டார். தமிழில், உதடு அசையாமல் சொன்னார். "கையைக் குடுத்திட்டியோ?"

"ஓம்."

"அப்ப வாயைப் பொத்திக்கொண்டு நில். உனக்குக் கிடைச்சிட்டுது. அதைக் கெடுக்காத. எனக்கு இனி என்னத்துக்கு?"

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வது? பட்டுச்சேலையும் கட்டிக்கொண்டு தெருவில் நின்று அந்த மனிதனுக்கு ஒரு அறை விடலாம்போல இருந்தது. எனக்கு என்னத்துக்கு என்கிறார். ஐந்துதரம் பரீட்சை எழுதிய மனிதர் அப்படிச் சொல்கிறார்.

"மூண்டு நாள் கழற்றவேண்டாமெண்டு சொன்னது ஆர்?" என்று கேட்டேன். "நீங்களோ, நானோ?"

"கதைக்காத எண்டுறன்..."

நான் பொலிஸ் பிள்ளையின் பக்கம் திரும்பினேன். பாடமாக்கிய வசனங்கள் மறந்துபோன வாய்க்கு இந்த டேனிஷ் மட்டும் தடங்கலில்லாமல் வந்தது.

"காரை ஓட்டி வந்தது நான். வீட்டிலிருந்து இங்கே வரை. வானை இவர் ஓட்டி வந்தார், சரியான தகட்டை எனக்குப் பூட்டித்தர. எனக்காகப் பொய் சொல்கிறார். இவர் அந்தத் தகட்டோடு ஒரு அடியும் ஓட்டவில்லை."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். சேலை, கையிலிருந்த உறை, சிவந்த விரல்கள். பிறகு கறுப்புத் தகட்டில் பூசியிருந்த சிவப்பைப் பார்த்தாள்.

"எத்தனை மணிக்கு ஓட்டினீர்கள்?"

இதுதான் எனக்குப் பயமாக இருந்த கேள்வி. பத்து நாற்பதுக்கு முந்திய ஒரு நேரத்தை நான் சொல்ல வேண்டும். கை கொடுப்பதற்கு முந்திய நேரம். அந்த நேரம் எழுத்தில் ஏறினால் மேலே நான் கொடுத்த கை செல்லுமோ செல்லாதோ எனக்குத் தெரியாது. போனால் போகட்டும் என்று பெரிய மனதோடு நான் நினைக்கவில்லை. போகக்கூடாது, போகக்கூடாது என்றுதான் நினைத்துக்கொண்டு சொன்னேன்.

"ஒன்பது பத்துக்கு வெளிக்கிட்டேன். ஒன்பது முப்பதுக்கு இங்கே நின்றேன்."

இவர் முகத்தை மூடிக்கொண்டு வானின் படியில் இருந்துவிட்டார். பொலிஸ் பிள்ளை என்னுடைய ஆளடையாள எண்ணைக் கேட்டுத் தன் கருவியில் தட்டினாள். திரையைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினாள்.

"இலங்கைக் குடியுரிமை. சரிதானே?"

"இல்லை" என்றேன். "டேனிஷ்."

"இதில் அப்படி இல்லையே. எப்போதிருந்து?"

"பத்து நாற்பதிலிருந்து."

உறையைத் திறந்து தாளை நீட்டினேன். என் விரல் பட்ட மூலையில் அதுவும் சிவந்துவிட்டது. அவள் வாசித்தாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து ஐம்பத்திரண்டு. நிமிர்ந்து பார்த்தபோது அந்த முகம் ஒரு பொலிசின் முகமாக இல்லை, சாரங்கியின் வயதுப் பிள்ளையொன்றின் முகமாக இருந்தது.

"வாழ்த்துகள்" என்றாள். பிறகு மறுபடி கருவியைப் பார்த்து எழுதத் தொடங்கினாள்.

"இதை அவர்கள் திருப்பி எடுப்பார்களா?" என்று கேட்டேன்.

"அது எனக்குத் தெரியாது. நான் தகட்டை மட்டும்தான் எழுதுகிறேன்." தட்டிக்கொண்டே, "உண்மையான நேரத்தையும் எழுதுகிறேன்" என்றாள். எழுதி முடித்து, கறுப்புத் தகடுகள் இரண்டையும் வாங்கி ஒரு பைக்குள் போட்டாள். இவருடைய பெயரை எங்கேயும் எழுதவில்லை. நான் கண்ணால் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

கருவியை என் பக்கம் திருப்பி, விரலால் கையெழுத்திடச் சொன்னாள். முப்பது வருடத்தில் எத்தனையோ கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இந்த நாட்டின் குடிமகளாக நான் போட்ட முதல் கையெழுத்து அதுதான். கண்ணாடித் திரையில் என் பெயருக்குப் பக்கத்தில் குங்குமம் தீற்றிக்கொண்டு நின்றது. அவள் அதைச் சட்டைக்கையால் துடைத்துவிட்டுக் காரில் ஏறிப் போனாள்.

இவர் வானின் படியிலேயே இருந்தார். சாரங்கி பூங்கொத்தை எடுத்து வந்து என் கையில் தந்துவிட்டு, அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தாள்.

"ஏனப்பா சொன்னனி?" என்று இவர் என்னைக் கேட்டார். கண் நனைந்திருந்தது. "அவங்கள் பறிச்சால் என்ன செய்வாய்?"

"பறிச்சால் உங்கட முறை வரும்போது நானும் இன்னொருக்கால் எழுதுறன். ரெண்டு பேரும் ஒண்டா இருந்து படிப்பம்" என்றேன். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

அவர் பொக்கெற்றிலிருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். பின் தகடு இன்னும் பூட்டப்படாமல் நிலத்தில் கிடந்தது. குந்தி, வெள்ளைத் தகட்டைப் பொருத்தி, இரண்டு ஆணியையும் இறுக்கினார். இறுக்கியதை மூன்று தரம் ஆட்டிப் பார்த்தார். நான் நீட்டிய கார்ச் சாவியை வாங்காமல் என் பக்கமே தள்ளினார்.

"நீ ஓடு" என்றார். "நான் பின்னால வாறன்."